பதினேழாம் பலகையும் ஜம்புநாதன் பிழையும்

ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் குடியிருக்கும் ஜம்புநாதனுக்கு எகிப்தின் மேல் காதலும் கிடையாது, பகையும் கிடையாது. நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்பதே நாற்பத்தாறாம் வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. அதுவரை அவர் அறிந்த பெரிய ஓட்டமெல்லாம் காலை ஏழு மணிக்கு ஐ-டென் ஃப்ரீவேயில் ஓடாமல் நிற்பதுதான். அப்படிப்பட்டவர் மூவாயிரத்து எண்ணூறு வருடப் பழமையான எகிப்திய மரப்படகு ஒன்றைக் கம்ப்யூட்டரில் மறுபடி கட்டினார் என்றால், அந்தப் பெருமை அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தையே சேரும்.

ஆத்தூரில் பிறந்து, கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்து, சென்னையில் எட்டு வருடம் குழாய் வரைந்து, 2010-ல் ஹூஸ்டனுக்கு வந்தவர் அவர். கூடவே மனைவி அஞ்சனா, ஐந்து வயது மகள் அனன்யா, நான்கு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். பழைய எண்ணெய் ஆலைகளை லேசர் கருவியால் ஸ்கேன் செய்து, திரையில் குழாய் குழாயாக எழுப்பிக் கொடுப்பது தொழில். ஸ்கேன் என்பது கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்த ஒரு மேகம். உண்மையான ஆலையில் எந்தக் குழாயும் நேராக இருக்காது. வெயிலில் தொங்கும், வயதானால் வளையும், யாராவது லாரியால் இடித்துவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார்கள். ஆனால் வாடிக்கையாளருக்குத் திரையில் நேரான குழாய் வேண்டும். எனவே ஜம்புநாதன் இருபத்திரண்டு வருடமாக, தொங்கும் புள்ளிகளுக்குள் ஒரு நேர்கோட்டைச் சொருகி, ஒத்துவராத புள்ளிகளை 'இரைச்சல்' என்று சொல்லி அழித்துவந்தார்.

இது தொழிலோடு நிற்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்ப் படம் சாய்ந்திருந்தால் சாம்பார் ஆறினாலும் எழுந்துபோய் நிமிர்த்துவார். கடையில் வாங்கி வீட்டில் பூட்டும் அலமாரிகள் எல்லாவற்றையும் அவரே பூட்டினார். ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு திருகாணிகள் மிஞ்சும். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா குடுத்திருக்கான்" என்று அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பார். பாட்டில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. அஞ்சனா எந்த அலமாரிக்குக் கீழேயும் உட்காருவதில்லை.

கிரீன் கார்டு வரிசையில் அவர் 2013-ல் போய் நின்றார். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான அந்த வரிசை நகரும் வேகத்தைக் கணக்குப் போட்ட வக்கீல், ஒரு காகிதத்தில் வருடத்தை எழுதிக் காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தனக்காக ஜம்புநாதன் கவலைப்படவில்லை. கவலை அனன்யாவைப் பற்றி. பெற்றோரின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, இருபத்தொன்று முடிவதற்குள் கார்டுக்கு விண்ணப்பம் போட முடியாவிட்டால் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடும். பிறகு அவள் வெளிநாட்டு மாணவி. படிப்பு முடிந்து வேலையும் விசாவும் அமையாவிட்டால், ஐந்து வயதில் விட்டுவந்த ஊருக்குத் 'திரும்ப' வேண்டியதுதான். அனன்யாவுக்கு 2025 அக்டோபர் ஒன்பதாம் தேதி இருபத்தொன்று. அவள் தம்பி ஆர்யன் கேட்டியிலேயே பிறந்தவன். பிறந்ததைத் தவிர நாட்டுக்கு வேறெந்தத் தொண்டும் செய்யாமல் குடிமகனாகிவிட்டவன்.

சட்டத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. தன் துறையில் உச்சியில் இருக்கும் மிகச்சிலருள் ஒருவர், அசாதாரணத் திறமைசாலி என்று நிரூபித்தால், பழைய வரிசைத் தேதியையும் தூக்கிக்கொண்டு சின்ன வரிசைக்குத் தாவிவிடலாம். கேட்டியில் ஒரு தெருவுக்கு மூன்று அசாதாரணர்கள் அப்படித்தான் உருவாகியிருந்தார்கள். உருவாக்கிக் கொடுப்பவர்களும் இருந்தார்கள். ஜம்புநாதனுக்கு வாய்த்தவன் சான் ஹோசேயைச் சேர்ந்த கிரீஷ். முப்பத்தொரு வயது, ப்ரொஃபைல் பில்டிங் கோச். வீடியோவில் அவன் பின்னால் ஒரு புத்தக அலமாரி தெரியும். அவன் அசைந்தால் அலமாரியும் அலையும்.

"அங்கிள், பைப்பிங் வேணாம். அதுல லட்சம் பேர் இருக்காங்க. அதுல டாப்னு ப்ரூவ் பண்றதுக்குள்ள உங்க பொண்ணுக்குப் பேரன் பொறந்துடுவான். சின்ன ஃபீல்டா புடிங்க."

"எவ்வளவு சின்னது?"

"நீங்க உள்ள நுழைஞ்சா கதவு மூடிக்கணும். அவ்ளோ சின்னது. சன்னிவேல்ல என் க்ளையன்ட் ஒருத்தர் நாய்க்கு மூக்குக் கண்ணாடி ஃப்ரேம் டிசைன்ல வேர்ல்ட் எக்ஸ்பர்ட். போன மாசம் அப்ரூவ் ஆச்சு."

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் முன்னோர் ஒரே வரியில் சொன்னதை கிரீஷ் நாற்பது ஸ்லைடில் சொன்னான். ஜம்புநாதன் ஊர் ஊராகத் தேடினார். அப்போது கண்ணில் பட்டது ஹூஸ்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் அருங்காட்சியக அறிவிப்பு. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு எண்ணெய்ப் பணக்காரர் எகிப்தில் ஒரு படகை வாங்கி, பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து, பெட்டியில் போட்டுவிட்டு இறந்துபோயிருந்தார். நாற்பத்தொரு பலகைகள். அவற்றைப் பாதுகாத்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்க்கத் தன்னார்வலர் தேவை.

"இந்த ஃபீல்டுல வேர்ல்டு ஃபுல்லா எத்தனை பேர் அங்கிள்?" என்று கிரீஷ் கேட்டான்.

"தேடிப் பாத்தேன். பதினாலு பேர்."

சான் ஹோசேயில் அலமாரி அலைந்தது. கிரீஷ் எழுந்து நின்றுவிட்டான். "பதினாலா? நீங்க சேர்ந்தா பதினஞ்சு. சும்மா நின்னாலே டாப் செவன் பர்சென்ட் அங்கிள்."

அருங்காட்சியகத்தில் படகுக்குப் பொறுப்பு மஹ்பூபா. திருச்சி பாலக்கரைப் பெண். பழைய மரத்தைப் பாதுகாக்கும் கலையைப் படித்து, ஊரில் யார் கேட்டாலும் "மரத்துக்கு டாக்டர்" என்று சொல்லி, "அப்ப மனுஷனுக்கு எப்ப?" என்ற கேள்வியைப் பதினைந்து வருடமாகத் தாங்கிவருபவர். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்.

முதல்நாள் அவர் ஜம்புநாதனுக்குக் கையுறை கொடுத்தார். அறையில் ஈரப்பதம் ஒரு புள்ளிகூட ஏறாமல் இயந்திரம் காவல் காத்தது. நுரைமெத்தைகளில் பலகைகள் பிரசவ வார்டுக் குழந்தைகளைப் போல வரிசையாகக் கிடந்தன.

"பாக்கத்தான் சார் மரம். தொட்டா பிஸ்கட்" என்றார் மஹ்பூபா. "ஒத்த ஆளா எதையும் தூக்கக் கூடாது. பலகைக்கு மேல குனிஞ்சு பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். பேசணும்னா அந்தப் பக்கம் போய் பேசுங்க."

அவர் சின்னத் தூரிகையால் வெடிப்புகளில் பசையைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பலகையில் அது மூன்றாவது வாரம்.

"மூணு வாரத்துல நாங்க ஒரு ரிஃபைனரியையே முடிச்சிடுவோம் மேடம்."

"அதான் அடிக்கடி வெடிக்குது" என்றார் மஹ்பூபா, தலை நிமிராமல்.

சனி, ஞாயிறுகளில் ஜம்புநாதன் வந்து ஸ்கேன் செய்தார். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகையின் விளிம்பில் துளை, அதில் சொருகிய கட்டை நாக்கு, அந்த நாக்கில் அடுத்த பலகை. எந்தப் பலகையும் இன்னொன்றின் நீளமில்லை, அகலமில்லை. மரம் எப்படி வளைந்ததோ அப்படியே விட்டு, பக்கத்துப் பலகையை அதற்கேற்பச் செதுக்கியிருந்தார்கள். ஜம்புநாதனுக்குக் கை அரித்தது.

எட்டு மாதத்தில் படகு திரையில் எழும்பியது. வலப்பக்கப் பலகைகள் ஓரளவு முழுசாக இருந்தன. இடப்பக்கம் பாதி உடைந்தும் சிதைந்தும் கிடந்தது. ஜம்புநாதன் தொழில் வழக்கப்படி வலப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, இடப்பக்கமாக வைத்தார். வளைந்த இடங்களில் கோட்டைச் சொருகினார். மேடுபள்ளங்களை இரைச்சல் என்று துடைத்தார். வாழைமட்டையைக் கீறி வைத்தாற்போல் வழுவழுவென்று ஒரு படகு வந்தது. பார்த்தவர் கண் எடுக்க மாட்டார். ஒரே ஒரு பலகை மட்டும் மிஞ்சியது. பதினேழாம் எண். எங்கே வைத்தாலும் இடித்தது.

"பதினேழு எங்க சார்?" என்று கேட்டார் மஹ்பூபா.

"அது இந்தப் படகு இல்ல மேடம். வேற எதுலருந்தோ கலந்திருக்கு."

"யார் சொன்னா?"

"ஃபிட் ஆகல."

"எனக்கும்தான் என் நாத்தனா ஃபிட் ஆகல. குடும்பத்துலயே இல்லன்னு எழுதிட முடியுமா? அவசரப்படாதீங்க சார். பத்துல ஒரு பங்கு சைஸ்ல எல்லாத்தையும் பிரின்ட் பண்ணி, கையால சேர்த்துப் பாப்போம். நாலு மாசம் ஆகும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்."

நான்கு மாதம். ஜம்புநாதன் அந்த ஞாயிற்றுக்கிழமை காரில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். கிரீஷ் சொன்ன மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையே அனுப்பிவிட்டார். ஆசிரியர்: ஜம்புநாதன். பதினேழாம் பலகை: 'பிற்காலக் கலப்பு'. மஹ்பூபாவின் பெயர் நன்றியுரையில், அறையில் விளக்கு ஏற்பாடு செய்துகொடுத்தவர்கள் வரிசையில் இருந்தது.

மாநாடு ஒரு ஐரோப்பிய நகரத்தின் பெயரில் நடந்தது. ஜம்புநாதன் தன் வீட்டுத் துணி மடிக்கும் அறையிலிருந்து கலந்துகொண்டார். ஏழு பேர் பார்த்தார்கள். அதில் ஆறு பேர் அடுத்துப் பேசக் காத்திருந்தவர்கள். எல்லோருக்கும் சிறந்த கட்டுரை விருது கிடைத்தது.

பத்திரிகைச் செய்தி ஒன்றும் வேண்டும் என்று கிரீஷ் சொன்னதால், ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் கோபாலசாமி பொங்கல் மலரில் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"தேக்குதான சார்? நம்ம ஊர்லருந்து போனதுன்னு ஒரு வரி சேர்த்துக்கவா?"

"இல்ல சார், தேவதாரு. லெபனான் பக்கத்து மரம்."

"லெபனானுக்கு எங்கருந்து போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப விடுங்க."

'ஃபரோவுக்குப் படகு கட்டிய ஆத்தூர்த் தமிழர்' என்று மலர் வந்தது. தேக்கு என்றே வந்தது. மஹ்பூபா மலரையும் கட்டுரையையும் ஒரே வாரத்தில் படித்தார். ஜம்புநாதனுக்கு ஒரு வரியில் செய்தி அனுப்பினார்: "வாழ்த்துகள். இனி சனிக்கிழமை வர வேண்டாம்."

அவர் திட்டியிருந்தால் ஜம்புநாதன் தூங்கியிருப்பார்.

பிறகு டென்மார்க்கிலிருந்து ஒரு பேராசிரியர் எழுதினார். இந்தப் படகைக் கட்டியவர் எகிப்தியத் தச்சர் அல்ல, ஒரு மென்பொருள் என்று நிறுவினார். அடுத்து ஜெர்மனியில் ஒருவர். அடுத்து கெய்ரோவில் இருவர் சேர்ந்து. பழைய மரத்தை ஸ்கேன் செய்கிறவன், கோணலைக் குறையென்று எண்ணி நிமிர்த்திவிடும் ஆபத்துக்கு இதுவரை பெயரில்லாமல் இருந்தது. இப்போது பெயர் கிடைத்துவிட்டது. 'ஜம்புநாதன் பிழை'. யார் எந்தப் படகைப் பற்றி எழுதினாலும் முதல் பக்கத்திலேயே, "ஜம்புநாதன் பிழை நேராமல் கவனம் செலுத்தியுள்ளோம்" என்று அவர் கட்டுரையைச் சுட்டிவிட்டுத்தான் மேலே போனார்கள். பதினான்கு பேர் இருக்கும் துறையில் முப்பத்தொரு மேற்கோள்.

"மானம் போச்சு கிரீஷ்."

"அங்கிள், நீங்க ஒரு ஜீனியஸ். ஒரு ஃபீல்டே உங்க பேரைச் சொல்லித்தான் ஸ்டார்ட் பண்ணுது. திட்டினாலும் சைட்டேஷன் சைட்டேஷன்தான். கவுன்ட் பண்றவங்களுக்கு டோன் தெரியாது."

விண்ணப்பம் போனது. ஜூன் மாதம் பதில் வந்தது. மறுப்புமில்லை, ஒப்புதலுமில்லை, கூடுதல் ஆதாரம் கேட்டிருந்தார்கள். மேற்கோள்கள் இருக்கின்றன, சரி. உங்கள் பங்களிப்பால் துறையில் என்ன மாறியது என்று அந்தத் துறை நிபுணர் ஒருவரே கடிதம் தர வேண்டும். பன்னிரண்டு வாரம் அவகாசம். ஜம்புநாதன் பதினான்கு பேர் பட்டியலை எடுத்து, தன்னை அச்சில் வெளுத்தவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தார். பதின்மூன்று பெயர் போய் ஒன்று மிஞ்சியது.

அருங்காட்சியக அறையில் மஹ்பூபாவின் மேசை மேல் இரண்டு முழ நீளத்தில் ஒரு படகு இருந்தது. ஜம்புநாதனின் மாதிரிதான், பிளாஸ்டிக்கில் அச்சிட்டது. பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்குக் கொடுக்கிற பொம்மை போல அழகாக இருந்தது.

"லெட்டரா சார்?" என்றார் மஹ்பூபா. ஹூஸ்டனில் ஒரு தமிழன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

"பொண்ணுக்கு அக்டோபர்ல இருபத்தொண்ணு ஆகுது மேடம்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நாலு மாசத்த ரெண்டு மாசமாக்கியிருப்பேன். ராத்திரி பகலா உக்காந்திருப்பேன். நீங்க என்னமோ எகிப்து மேல ஆசையில வந்தீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஆசை என்று ஜம்புநாதன் எங்கும் எழுதித் தந்திருக்கவில்லைதான். இல்லை என்றும் எழுதித் தந்திருக்கவில்லை.

"ஒரிஜினல் ஸ்கேன் வச்சிருக்கீங்களா? நிமித்தறதுக்கு முன்னாடி எடுத்தது?"

இருந்தது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் கற்ற ஒரே தர்மம் அதுதான்: நிமிர்த்து, துடை, என்ன வேண்டுமானாலும் செய், முதலில் எடுத்ததை மட்டும் அழிக்காதே.

"அப்ப அதை பிரின்ட் பண்ணுவோம். நீங்களே கையால சேருங்க. சரியா வந்தா, உங்க பேர்லயே திருத்தம் எழுதி வெளியிடுங்க. அப்புறம் லெட்டர் தரேன். ஆனா உண்மையத்தான் எழுதுவேன்."

கிரீஷுக்கு வியர்த்தது வீடியோவிலேயே தெரிந்தது. "அங்கிள், திருத்தமா? நீங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டா கேஸ் காலி. வாயை மூடிக்கிட்டு இருங்க, நான் கஜகஸ்தான்ல ஒரு எக்ஸ்பர்ட் புடிச்சுத் தரேன்."

ஜம்புநாதன் நேராக அனன்யாவிடம் போனார். அவள் சமையலறை மேடையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கதையையும் அவளிடம் சொன்னது அதுதான் முதல்முறை. சொல்லச் சொல்ல அஞ்சனா குழாயை மூடிவிட்டுத் திரும்பி நின்றாள்.

"இது உன் விஷயம். நீ சொல்லு. திருத்தினா கேஸ் போகலாம்."

"வெயிட். என்னோட லைஃப் ஒரு ராங் படகுலயா இருக்கு?" என்றாள் அனன்யா. "தட்ஸ் ஸோ வியர்ட், அப்பா. ஃபிக்ஸ் பண்ணுங்க. நான் ஸ்டூடன்ட் விசாவுக்கு ஃபார்ம் ஆல்ரெடி ஃபில் பண்ணி வெச்சிருக்கேன். ஸ்ப்ரிங்லயே."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேடி" என்றாள் அஞ்சனா.

"நீங்க மட்டும் என்ன சொன்னீங்க?"

அஞ்சனா கணவரைப் பார்த்தாள். "பதினஞ்சு வருஷமா இந்த வீட்ல மிச்ச ஸ்க்ரூவ வச்சு ஒரு பாட்டில் ரொப்பியிருக்கீங்க. ஒண்ணையாவது அதது இடத்துல போட்டுட்டு வாங்க" என்றாள்.

ஏழு வாரம் போனது. அலுவலகத்தில் சேர்ந்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்தார். மஹ்பூபா ஒரு கையால் பிடிக்க, ஜம்புநாதன் துண்டு துண்டாகச் சொருகினார். எங்காவது நெருடினால் அவர் கை தானாக உப்புத்தாளைத் தேடிப் போகும். மஹ்பூபா அதை எடுத்துத் தள்ளி வைப்பார். இடப்பக்கம் வலப்பக்கத்தின் நகல் அல்ல என்பது இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. நான்காம் வாரம் படகின் பின்புறம் திருகிக்கொண்டு போனது. ஐந்தாம் வாரத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் திருகலின் இடப்பக்க இடுக்கில், பதினேழாம் பலகை சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.

மஹ்பூபா விளக்கை அருகே இழுத்துப் பலகையைக் காட்டினார்.

பலகையில் பயனில்லாத நான்கு துளைகள் இருந்தன. மரத்துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். அவற்றைத்தான் ஜம்புநாதன் இரைச்சல் என்று துடைத்திருந்தார்.

"இது முன்னாடி வேற படகுல இருந்திருக்கு சார்" என்றார் மஹ்பூபா. "மரம் பத்தல. பழைய படகுலருந்து உருவி இங்க சொருகிட்டான். அதனால ஒரு பக்கம் நாலு விரல் எறங்கிருச்சு. செத்தவன அடக்கம் பண்ண எழுபது நாள்தான் டைம். அதுக்குள்ள முடிக்கணும்."

"எனக்கு எம்பத்திநாலு நாள்" என்றார் ஜம்புநாதன்.

"ஆத்தைத் தாண்ட ஒரு தடவ ஓட்டிட்டு, கல்லறை பக்கத்துலயே பொதச்சிருவாங்க. செத்தவன் அந்தப் பக்கத்து லோகத்துக்குப் போனா அங்க ஒரு படகு வரும். சும்மா ஏத்திக்காது. சுக்கான் கேக்கும், என் பேரைச் சொல்லு. கயிறு கேக்கும், என் பேரைச் சொல்லு. ஒவ்வொரு பலகையும் கேக்கும். எல்லாத்துக்கும் பதில் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க. சவப்பெட்டியில பதிலையெல்லாம் எழுதியே அனுப்பிடுவாங்க."

"கோச்சிங்" என்றார் ஜம்புநாதன்.

திருத்தம் அவர் பெயரிலும் மஹ்பூபா பெயரிலும் சேர்ந்து வெளிவந்தது. முதல் வாக்கியம், 'முந்தைய கட்டுரையில் நான் செய்தது தவறு' என்று தொடங்கியது. கேட்டியில் யாரும் எழுதிப் பழகாத வாக்கியம். அதை எழுத அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. மஹ்பூபாவின் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் சொன்னபடியே உண்மையைத் தவிர எதுவும் இல்லை. 'திரு. ஜம்புநாதனின் பிழையை அறியாதவர் எங்கள் துறையில் ஒருவரும் இல்லை. அவருக்குப் பிறகு நாங்கள் அனைவரும் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டோம். நான் அறிந்தவரை, தன் பெயரில் வழங்கும் பிழையைத் தானே தேடித் திருத்தியவர் எங்களில் அவர் ஒருவரே.'

கிரீஷ் கடிதத்தை மூன்று முறை படித்தான். "இதுல ஒரு பொய்கூட இல்லையே அங்கிள்" என்றான், பயந்துபோய்.

பதிமூன்றாம் நாள் ஒப்புதல் வந்துவிட்டது. அசாதாரணத் திறமை, துறையில் முக்கியப் பங்களிப்பு, எல்லாம் சரி. ஒழுங்கான படகு கட்டியிருந்தால் இரண்டு பேர் மேற்கோள் காட்டியிருப்பார்கள்; தப்பான படகால் மனிதர் கரையேறினார். செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, பிறந்தநாளுக்குப் பதின்மூன்று நாள் முன்னால், அனன்யாவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை ஜம்புநாதன் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, ஒவ்வொரு அலமாரியாகப் பிரித்துப் பூட்டத் தொடங்கினார். மூன்று அலமாரிகளின் ஆட்டம் நின்றது. நான்காவதில் கதவே மூடவில்லை.

விஷயம் பரவ ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. தமிழர் நிறைந்த இன்னொரு ஊரான காப்பெல்லிலிருந்து நான்கு பேர், கேட்டியிலிருந்து ஒன்பது பேர், எகிப்தியப் படகுகளின் மேல் சிறுவயது முதல் தீராத வேட்கை கொண்டிருப்பதாக அருங்காட்சியகத்துக்கு எழுதினார்கள். அதில் இருவர், தாங்கள் என்ன தவறு செய்தால் நல்லது என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். கிரீஷ் தன் ஸ்லைடில் படகை அடித்துவிட்டு, 'ஃபீல்டு ஃபுல்' என்று எழுதி, சுமேரியர்களின் கோரைக்கூடைக்கு மாறிவிட்டான்.

நவம்பரில் படகைக் காட்சிக்கு வைத்தார்கள். நடுவே உண்மையான பலகைகள், சுவரோரம் இரண்டு மாதிரிகள்: ஒன்று நேரானது, இன்னொன்று ஒரு பக்கம் இறங்கியது. கோபாலசாமி சங்கத்து ஆட்களோடு வந்து இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன சார் ஒரு சைடு தொங்குது? நீங்க மொதல்ல செஞ்சதுதான் லட்சணமா இருக்கு. அது பக்கத்துல ஒரு க்ரூப் போட்டோ எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் நேராக நிற்க, ஜம்புநாதன் மட்டும் தலையைச் சாய்த்து அந்தக் கோணல் படகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அனன்யா, அச்சிட்ட பதினேழாம் பலகையை மஹ்பூபாவிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவ்ளோ பண்ணி அனுப்பினாங்களே. டிட் இட் வொர்க்? அந்த மன்னரை உள்ள விட்டாங்களா?"

"மன்னர் இல்லம்மா, ஒரு ஆபீசர்தான். விட்டாங்களான்னு தெரியல" என்றார் மஹ்பூபா, பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டே. "மூவாயிரத்து எண்ணூறு வருஷம்தான ஆகுது. இன்னும் ப்ராசஸிங்ல இருக்கும்."